ஓ.எம்.ஆரில் ஒரு ராத்திரி வார்டு!

சாயங்காலம் அஞ்சரை மணிக்கு மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றிருக்கிறீர்களா ஃப்ரெண்ட்ஸ்? ஊரே களைத்துப்போய் வீடு திரும்புகிற அந்த நேரத்தில், ஒரு கூட்டம் மட்டும் அப்போதுதான் முகம் கழுவி, பொட்டு வைத்து, டிபன் பாக்ஸும் ஸ்வெட்டருமாகத் தெற்கே கிளம்பும். மே மாச சென்னையில் ஸ்வெட்டரா என்று சிரிக்காதீர்கள். ஏ.சி-யில் ஒன்பது மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்!

பெயர்ப்பலகையில் ராஜீவ் காந்தி சாலை. நம் வாயில் என்றைக்கும் ஓ.எம்.ஆர்.தான். 2000-ல் டைடல் பார்க் திறந்தார்கள். 2008-ல் சாலை ஆறு வழியாக அகலமானது. இப்போது நடுவில் மெட்ரோ தூண்கள். தரமணி தாண்டி பெருங்குடி பக்கம் போகும்போது வலதுபுறக் கட்டடங்களுக்குப் பின்னால் பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஒளிந்துகொண்டிருக்கும். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். இடதுபுறம் கொஞ்ச தூரத்தில் பக்கிங்ஹாம் கால்வாய். ரெண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் கண்ணாடிக் கட்டடங்கள். அதனால்தான் ஒவ்வொரு மழைக்காலமும் இந்த ரோட்டில் ஆபீஸ் போகிறவர்களுக்கு நீச்சல் பரீட்சை!

இதை நாம் 'சாஃப்ட்வேர் ரோடு' என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த கேப்களில் ஏறுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு வரி புரோகிராம்கூட எழுதத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வேறு. நரம்பு கிடைக்காத தாத்தாவுக்கு வலிக்காமல் ஊசி ஏற்றத் தெரியும். மானிட்டரைப் பார்க்காமலே, மூச்சு விடுகிற சத்தத்தை வைத்து 'இந்த பேஷன்ட் சரியில்லை' என்று சொல்லத் தெரியும். ஆமாம் பாஸ்... நர்ஸ்கள்! பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நாலைந்து வருஷம் ஐ.சி.யூ-விலும் லேபர் வார்டிலும் நின்று, இப்போது ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அமெரிக்காவின் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்களைப் படிப்பவர்கள்.

அவர்கள் வேலை பார்க்கிற மாடிக்குத்தான் இந்த வாரம் உங்களைக் கூட்டிப்போகிறேன். வாங்க.

நமக்கு கைடு ஒரு அக்கா. பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். நாகர்கோவில் பக்கம். பன்னிரண்டு வருஷம் ஐ.சி.யூ-வில் இருந்தவர். இப்போது பதினெட்டு நர்ஸ்கள் கொண்ட டீமுக்கு மேனேஜர். கீழே ரிசப்ஷனில் அவர் சொன்ன முதல் வாக்கியம், "தம்பி, போனை லாக்கர்ல வைங்க. பேனாவையும் வைங்க."

பேனாவுமா? பேனாவும்தான். அந்த மாடியில் காகிதம் கிடையாது, பேனா கிடையாது, பென்டிரைவ் கிடையாது. அமெரிக்காவில் 1996-ல் வந்த 'ஹிப்பா' என்கிற சட்டத்தின் நிழல் இது. ஒருத்தருடைய நோய் விவரம் அவருடைய சொத்து மாதிரி. தேவைக்கு மேல் ஒரு வரியைக்கூட இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. என்னையும் உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி, "அதோ பாருங்க, அதுதான் என் வார்டு" என்றார் அக்கா. வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ரெண்டு மானிட்டர். இடது திரையில் ஆஸ்பத்திரி ரெக்கார்டு, வலது திரையில் விதிமுறை. நடுவில் ஒரு நர்ஸ். சத்தமே இல்லை. ஆஸ்பத்திரி என்றால் மருந்து வாசனை வருமே, இங்கே ரூம் ஃப்ரெஷ்னர் வாசனை. அப்புறம் என்னை ட்ரெய்னிங் ரூமில் உட்காரவைத்துவிட்டார். பெயர், தேதி, ஊர் எல்லாம் அழித்த பயிற்சி ஃபைல்கள்தான் அங்கே இருக்கும். அவை போதும், கதை புரிந்துவிடும்.

சரி, இங்கே என்னதான் நடக்கிறது? அமெரிக்காவில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆஸ்பத்திரி ஒரு பில் போடுகிறது. 'யு.பி.-04' என்று அந்த ஃபாரத்துக்குப் பெயர். அதில் நோய்களெல்லாம் எண்களாக இருக்கும். அங்கே 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10 குறியீடுகள். பழைய பட்டியலில் சுமார் பதினாலாயிரம் குறியீடுகள்தான். இதில் எழுபதாயிரத்துக்கு அருகே! வாத்து மோதி அடிபட்டால் அதற்கொரு குறியீடு உண்டு. டபிள்யூ-61.62, போய்ப் பாருங்கள். ஜெட் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டவருக்கு ஒன்று, அதே ஆள் மறுபடி டாக்டரைப் பார்க்க வந்தால் இன்னொன்று! (அவர் எப்படிப்பா மறுபடி வருவார்?)

இந்தக் குறியீடுகளைப் போடுகிறவர்கள் மெடிக்கல் கோடர்கள். சென்னையில் அந்த வேலை பார்க்கிறவர்கள் ஏராளம். உங்கள் காலேஜ் பயோகெமிஸ்ட்ரி சீனியர்களில் பாதிப்பேரைக் கேட்டுப்பாருங்கள். டாக்டர் என்ன எழுதியிருக்கிறாரோ அதை எண்ணாக மாற்றுவது கோடர் வேலை. எழுதாததை அவர் ஊகிக்கக் கூடாது. நர்ஸின் வேலை அதற்கு அடுத்த படி. 'டாக்டர் இப்படி எழுதியிருக்கார், சரி... படுக்கையில இருந்த மனுஷனுக்கு அது நிஜமாவே நடந்ததா?' என்று பார்ப்பது. இதற்கு வார்டில் நின்ற கண் வேண்டும்.

பணம் எங்கே வருகிறது என்று கேட்டால், ஒரு சாப்பாட்டு உதாரணம். 1983-ல் மெடிகேர், அதாவது அமெரிக்க அரசின் முதியோர் இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. 'டி.ஆர்.ஜி.' என்று பெயர். நம் ஊர் மெஸ்ஸில் மீல்ஸ் டோக்கன் வாங்குகிறோம் இல்லையா, அது மாதிரி. எத்தனை கரண்டி சாம்பார் என்று கணக்கு கிடையாது. டோக்கனுக்கு ஒரு விலை. சாதாரண சிறுநீர்த் தொற்று என்றால் 690-ஆம் நம்பர் டோக்கன். அதே தொற்று 'செப்சிஸ்' ஆகி நிலைமை ரொம்ப மோசம் என்றால் 871. இது ஸ்பெஷல் மீல்ஸ். விலை ரெண்டு மடங்குக்கும் மேல். ஆஸ்பத்திரி ஸ்பெஷல் டோக்கன் நீட்டும்போது, 'இவர் நிஜமாவே ஸ்பெஷல் சாப்பிட்டாரா?' என்று இன்ஷூரன்ஸ் கேட்கும். அந்தக் கேள்விதான் ஃபைலாகி, கடல் தாண்டி, பெருங்குடிக்கு வந்து சேர்கிறது.

ராத்திரி ஷிஃப்ட் எதற்கு, போன் பேசுகிற வேலை இல்லையே என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அக்கா டீமில் பாதிப்பேர் பகல்தான். மீதிப்பேர் ராத்திரி. சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அமெரிக்க டாக்டர் அங்கே விழித்திருக்க வேண்டுமே! நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் இங்கே சாயங்காலம் ஆறரை. அதுவும் கோடையில் மட்டும். நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் ஏழரை ஆகிவிடும். மார்ச் ரெண்டாவது ஞாயிறு மறுபடி ஆறரை. வருஷத்துக்கு ரெண்டு தடவை கேப் டிரைவர்கள் முதல் கேன்டீன் இட்லிப் பானை வரை எல்லாருடைய நேரமும் ஒரு மணி நேரம் நகர்கிறது. அமெரிக்கப் பாராளுமன்றம் போட்ட சட்டத்துக்கு பெருங்குடியில் இட்லி வேகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்த மாடியின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிற நர்ஸ் 'சரி, பணம் கொடுக்கலாம்' என்று தானே முடிவு சொல்லலாம். ஆனால் 'இந்தச் சிகிச்சை தேவையே இல்லை, கொடுக்கக் கூடாது' என்று தானே சொல்ல முடியாது. மருத்துவக் காரணம் காட்டி மறுக்க வேண்டுமென்றால் அந்த ஃபைல் ஒரு டாக்டரிடம் போயாக வேண்டும். அக்கா இதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "எங்களுக்கு ஆமா சொல்ற அதிகாரம் உண்டு தம்பி. இல்லை சொல்ற அதிகாரம் இல்லை. ஆனா டாக்டர் கைக்கு எந்த ஃபைல் போகணும், எந்தப் பக்கத்தைக் காட்டி அனுப்பணும்ங்கிறது எங்க கையிலதான் இருக்கு."

யோசித்துப் பாருங்கள். அங்கே இருக்கிற டாக்டர் எண்ணூறு பக்கத்தையும் படிக்கப்போவதில்லை. நர்ஸ் எடுத்துக் காட்டுகிற ஏழெட்டுப் பக்கங்களைத்தான் முதலில் பார்ப்பார். ஒன்பதாவது பக்கத்தை நர்ஸ் விட்டுவிட்டால்?

அந்த ஒன்பதாவது பக்கத்தைக் காட்டத்தான் அக்கா ட்ரெய்னிங் ரூமில் ஒரு ஃபைலைத் திறந்தார். புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் முதல் வாரமே இதைக் கொடுத்துவிடுவாராம். அன்றைக்கு ஒரு புதுப் பொண்ணும் கூட இருந்தாள். மூணு வருஷம் ஐ.சி.யூ. அனுபவம், கண்ணில் தூக்கம், கையில் ஃபிளாஸ்க்.

ஃபைலில் இருப்பவர் அறுபதைத் தாண்டிய ஆண். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று. உடம்புச் சூடு 38.6, நாடித்துடிப்பு 112, வெள்ளணுக்கள் பதினைந்தாயிரம். ஆஸ்பத்திரி பில்லில் 'செப்சிஸ்'. தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, அந்தச் சண்டையில் தன் உறுப்புகளையே காயப்படுத்திக்கொள்கிற நிலைக்குப் பெயர் அது. நர்சிங் படிக்கிறவர்களுக்கு இங்கே உள்ள தகராறு தெரிந்திருக்கும். பழைய இலக்கணப்படி சூடு, நாடி, மூச்சு, வெள்ளணு என்கிற நாலில் ரெண்டு கெட்டிருந்து, தொற்றும் இருந்தால் செப்சிஸ். 2016-ல் வந்த புது இலக்கணம், 'அது போதாது, உறுப்புகள் கெட்டிருக்கிறதா காட்டு' என்கிறது. 'சோஃபா' என்று ஒரு மதிப்பெண் முறை. (உட்காருகிற சோஃபா இல்லை!) மூளை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். மொத்தம் ரெண்டு மார்க்காவது ஏறியிருக்க வேண்டும். அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் பழைய இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் புதியதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ரெண்டுக்கும் நடுவில் நம்ம சிஸ்டர்!

புதுப் பொண்ணு டாக்டர் குறிப்புகளைப் படித்தாள். டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட் எல்லாம் படித்தாள். அட்மிஷன் ரத்த அழுத்தம் 118-க்கு 70, நார்மல். கிரியாட்டினின் 0.9-லிருந்து 1.3. அதற்கு ஒரு மார்க். அவ்வளவுதான். டாக்டர் நாலு நாளும் ஒரே பத்தியை காப்பி-பேஸ்ட் செய்திருக்கிறார். "செப்சிஸ்க்கு ஆதாரம் பத்தாதுக்கா. டாக்டருக்கு அனுப்பிடலாம்" என்றாள். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. சுறுசுறுப்புதான்!

அக்கா திட்டவில்லை. "ரெண்டாம் நாள் ராத்திரி அந்த வார்டுல டியூட்டி யாருக்கு மக்களே?" என்று மட்டும் கேட்டார்.

அவள் ஒரு நொடி முழித்தாள். அப்புறம் கீழே, கீழே, கீழே உருட்டிக்கொண்டே போனாள். டாக்டர் குறிப்பு, லேப், ஸ்கேன் எல்லாம் தாண்டி நர்சிங் குறிப்புகள். ராத்திரி 3.10. ரத்த அழுத்தம் 84-க்கு 48. பேஷன்ட் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பேசுகிறார், பக்கத்தில் இருக்கும் மகளை அடையாளம் தெரியவில்லை. டியூட்டி டாக்டருக்கு போன். சலைன் வேகமாக ஏற்றப்பட்டது. 3.40-க்கு மறுபடி பார்த்தது. 4.15-க்கு மறுபடி. காலை ஆறு மணிக்கு மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரின் குறிப்பில் இதில் ஒரு வார்த்தை இல்லை.

84-க்கு 48 என்றால் சராசரி அழுத்தம் 60. எழுபதுக்குக் கீழே போனால் ஒரு மார்க். குழப்பமான பேச்சுக்கு ஒரு மார்க். கிரியாட்டினினுக்கு ஏற்கெனவே ஒன்று. மொத்தம் மூணு. புது இலக்கணப்படியும் செப்சிஸ்! எங்கோ ஒரு ஊரில் விடியற்காலை மூணு மணிக்கு ஒரு நர்ஸ் தட்டி வைத்த நாலு வரிதான் அந்த பில்லுக்கு சாட்சி. அதைத் தேடிப் படிக்க இங்கே ராத்திரி பதினொரு மணிக்கு இன்னொரு நர்ஸ் வேண்டியிருக்கிறது. புதுப் பொண்ணு ஒன்றும் பேசவில்லை. தன் குறிப்பை அழித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள். என்ன பார்த்தேன், எந்தப் பக்கத்தில், எந்த விதிப்படி... இந்த மூணும் இல்லாத குறிப்பை அக்கா திருப்பி அனுப்பிவிடுவார்.

உடனே அக்காவை ஆஸ்பத்திரி கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த ஃபைல் நேர் எதிர். ஒரே ஒரு காய்ச்சல் ரீடிங், ஒரு பாட்டில் டிரிப்ஸ், மறுநாள் வீடு. பில்லில் அதே ஸ்பெஷல் மீல்ஸ். நர்சிங் குறிப்பில் 'பேஷன்ட் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார், ரெண்டாவது தடவை சாப்பாடு கேட்டார்'. அக்கா சிரித்துவிட்டார். "இதுக்கு நாம பாவம் பார்த்தா நாளைக்கு பிரீமியம் யாருக்கு ஏறும்?"

இன்னொரு சுவாரஸ்யமான விதியும் உண்டு. 'ரெண்டு நடுராத்திரி' விதி! மெடிகேரில் 2013 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பேஷன்டுக்கு ரெண்டு நடுராத்திரியைத் தாண்டி ஆஸ்பத்திரி கவனிப்பு தேவைப்படும் என்று டாக்டர் நியாயமாக எதிர்பார்த்தால் அது 'அட்மிஷன்'. இல்லாவிட்டால் பொதுவாக வெறும் 'அப்சர்வேஷன்', கட்டணமும் வேறு. மெடிகேரைத் தனியார் கம்பெனிகள் நடத்துகிற திட்டங்களும் 2024-லிருந்து இந்த அளவுகோலைப் பின்பற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது. நம் ஆட்கள் நடுராத்திரியில் உட்கார்ந்து நடுராத்திரிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பதினெட்டு நர்ஸ்களை மேய்ப்பது எப்படி என்று கேட்டேன். "மேய்க்கிறதா? வார்டுல பதினெட்டு பேரை வச்சுப் பாருங்க, இது ஒண்ணுமே இல்லை" என்றார். ஆனால் இருக்கிறது. டயாலிசிஸ் யூனிட்டிலிருந்து வந்தவருக்கு கிட்னி ஃபைல். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்தவருக்கு எலும்பு, மூட்டு. லேபர் வார்டு அக்காவிடம் பிரசவ ஃபைல் போனால் அவர் மானிட்டரைப் பார்த்துத் திட்டிக்கொண்டே படிப்பாராம். இவர்களுக்குள் பிரச்னை என்னவென்றால், ஒருத்தர் மனசு இளகி எல்லாவற்றுக்கும் 'சரி' போடுவார். இன்னொருத்தர் எங்கேயோ அடிபட்டவர் மாதிரி எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். அதனால் அவ்வப்போது ஒரே ஃபைலைப் பதினெட்டு பேருக்கும் தனித்தனியாகக் கொடுப்பார்கள். பதில் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். 'ஏன் நீ அப்படிப் பார்த்தே?' என்று. சத்தம் போட்டுச் சண்டை நடக்கிற ஒரே நேரம் அதுதான் என்று ஒரு தங்கச்சி காதைக் கடித்தாள். ஒரே பேஷன்ட், ஒரே ஃபைல், படித்த நர்ஸ் மாறினால் முடிவும் மாறும் என்றால் அது லாட்டரி ஆகிவிடாதா?

அப்புறம் போர்டு. எல்லா ஆபீஸிலும் ஒரு போர்டு இருக்குமே... யார் எத்தனை முடித்தார்கள் என்று. இந்தத் தொழிலில் ஒரு இடம் வழுக்கும். சில ஒப்பந்தங்களில், மிச்சப்படுத்திக்கொடுத்த பணத்தில் ஒரு சதவிகிதம்தான் ரிவ்யூ செய்கிறவர்களுக்குக் கூலி. மெடிகேரே பில்களைத் தோண்டிப் பார்க்க நியமித்த தணிக்கையாளர்களுக்கு இப்படித்தான் கொடுக்கிறது. அப்படி ஒரு காற்று அடிக்கும்போது, 'எத்தனை பில்லில் குறை கண்டுபிடிச்சே?' என்று போர்டில் எழுதினால் என்ன ஆகும்? குறை இல்லாத பில்லிலும் குறை தெரிய ஆரம்பித்துவிடும். அக்கா டீமின் போர்டில் அந்தக் கட்டமே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஃபைல், அதில் சோதித்துப் பார்த்தவற்றில் எத்தனை சரி, ஆஸ்பத்திரி அப்பீல் செய்து ஜெயித்தது எத்தனை. இந்த மூணுதான். அந்த மூணாவது கட்டம்தான் முகம் பார்க்கும் கண்ணாடி. அப்பீலில் தோற்ற ஃபைலை மறுபடி திறந்து, எந்தப் பக்கத்தை விட்டோம் என்று பார்ப்பார்கள். இந்தக் கட்டத்துக்காக மேலே உள்ளவர்களோடு அவர் எத்தனை மீட்டிங்கில் மல்லுக்கட்டினார் என்று கேட்டால், பேச்சை மாற்றிவிட்டார். என் கணக்கில், பதினெட்டு பேரை வேலை வாங்குவதைவிடப் பெரிய மேனேஜர் வேலை அதுதான்.

'இதெல்லாம் அமெரிக்கா சமாசாரம், நமக்கென்ன?' என்கிறீர்களா? தாத்தாவை டிஸ்சார்ஜ் செய்கிற அன்று பில் கவுன்டர் பக்கத்து நாற்காலியில் நீங்கள் காத்திருந்ததில்லையா? 'அப்ரூவல் இன்னும் வரலை சார்' என்கிற அந்த வசனம் கேட்டதில்லையா? நீங்கள் உட்கார்ந்திருந்த அந்த நேரமெல்லாம், எங்கேயோ ஒரு மாடியில் ஒரு டாக்டரோ நர்ஸோ தாத்தா ஃபைலைப் படித்துக்கொண்டிருந்தார். 2024-ல் நம் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு. டிஸ்சார்ஜ் அன்று மூணு மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி. க்ளெய்மை நிராகரிக்க ஒரு ஆள் முடிவு போதாது, கம்பெனியின் கமிட்டி ஒப்புதல் வேண்டும். அடுத்த தடவை நாற்காலியில் உட்காரும்போது ஞாபகம் வையுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்!

கம்ப்யூட்டரே படித்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. படிக்கிறது. எண்ணூறு பக்க ஃபைலில் சந்தேகமான இடங்களை மஞ்சள் பூசிக் கொடுக்கிறது. ட்ரெய்னிங் ரூம் ஃபைலிலும் மஞ்சள் இருந்தது. லேப் ரிப்போர்ட்டில் இருந்தது, 3.10 குறிப்பில் இல்லை. மெஷின் மட்டும் உட்கார்ந்து 'இல்லை' சொல்லிவிடக் கூடாது என்கிற பயம் அமெரிக்காவிலும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. மருத்துவத் தேவை இல்லை என்று மறுக்கும் முடிவை லைசென்ஸ் பெற்ற டாக்டரோ, அந்தத் துறை தெரிந்த நிபுணரோதான் எடுக்க வேண்டும், சாஃப்ட்வேர் தனியாக எடுக்கக் கூடாது. "மஞ்சள் பூசினது மட்டும் படிக்கிறவங்க வேலைக்குத்தான் ஆபத்து" என்றார் அக்கா. டீமிலேயே அப்படி ரெண்டு பேர் உண்டாம்!

நர்சிங் ஃபைனல் இயர் படிக்கிறவர்கள் இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். காலேஜ் முடித்த கையோடு இங்கே ஓடி வராதீர்கள் என்கிறார் அக்கா. குறைந்தது ரெண்டு வருஷம் வார்டு. கையில் ரத்தம் படாமல் ஃபைலில் ரத்தம் தெரியாது என்பது அவர் கட்சி. சில வேலைகளுக்கு அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் கேட்பார்கள். அதற்கு 'என்க்ளெக்ஸ்' என்று ஒரு பரீட்சை. கம்ப்யூட்டரில், அஞ்சு மணி நேரம் வரை. நீங்கள் சரியாக பதில் சொல்லச் சொல்லக் கேள்வி கடினமாகிக்கொண்டே போகும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. அதற்கு முன்னால் நம் படிப்பைச் சரிபார்க்கிற கடிதப் போக்குவரத்தே மாசக்கணக்கில் இழுக்கும்.

இன்டர்வியூவில் சம்பளம் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். 'உங்க போர்டுல என்ன எண்ணுவீங்க?' பதில் வருவதற்குள் அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டால், நீங்களும் கதவைப் பார்க்கலாம்.

வார்டை விட்டு வந்ததில் வருத்தம் இல்லையா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. முதுகு வலியும், பத்து பேஷன்டுக்கு ஒரு நர்ஸ் என்கிற கொடுமையும், கைக்கு வந்த சம்பளமும்தான் தன்னை இங்கே தள்ளியது என்று ஒளிக்காமல் சொன்னார். நம் ஆஸ்பத்திரிகள் அனுபவமுள்ள நர்ஸ்களை இப்படி இழப்பது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அந்த உறுத்தலை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. அக்காவுக்கு ஒரு பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. ஒரு ஃபைல் முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருகிறார். முழங்கை வரைக்கும், சோப்புப் போட்டு! "கீபோர்டுல என்னக்கா கிருமி?" என்று டீம் கலாய்க்கிறது. ஆனால் கவனித்தேன், அவர்களில் நாலைந்து பேரும் கழுவுகிறார்கள்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு பிரேக். கேன்டீனில் கூட்டம். கட்டடத்துக்கு வெளியே சைக்கிளில் சுக்கு காபி, தள்ளுவண்டியில் பிரெட் ஆம்லெட். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, அந்த விளக்கு வெளிச்சத்தில் நின்று தின்கிற கூட்டத்தில் எவர் நர்ஸ், எவர் சாஃப்ட்வேர் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் ஒரு டெஸ்ட் இருக்கிறது. நான் நின்றிருந்தபோது ஒரு டெலிவரி பையன் பைக் சறுக்கி விழுந்தான். பாதிக்கூட்டம் 'ஐயோ' என்றது. ஏழெட்டு பேர் மட்டும் ஆம்லெட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்கள். ஒருத்தி அவன் முழங்காலைப் பார்க்கிறாள், ஒருத்தி "தலையில அடி பட்டுச்சா தம்பி? இன்னிக்கு என்ன கிழமை சொல்லு" என்கிறாள். சிராய்ப்புதான். சரியாகக் கிழமை சொல்லிவிட்டான். அது வியாழனா வெள்ளியா என்று அவர்களுக்குள்தான் சண்டை. நைட் ஷிஃப்ட் ஆட்களிடம் ராத்திரி ஒரு மணிக்குக் கிழமை கேட்டால் அப்படித்தான்!

உள்ளே திரும்பியபோது அக்கா லீவு சார்ட்டோடு உட்கார்ந்திருந்தார். அமெரிக்க இன்ஷூரன்ஸில் பெரும்பாலும் ஜனவரி 1 அன்று கணக்கு புதிதாகத் தொடங்கும். வருஷம் முழுக்கக் கைக்காசு போட்டு வரம்பைத் தாண்டியவர்கள், டிசம்பருக்குள் ஆபரேஷனை முடித்துவிடப் பறப்பார்கள். அந்த பில்களெல்லாம் நீந்தி இங்கே கரை சேர்வது சரியாகப் பொங்கல் சமயத்தில்! பதினெட்டு பேரும் ஊருக்குப் போக வேண்டும், ஃபைலும் நிற்கக் கூடாது. சீனியாரிட்டி, ஊரின் தூரம், கைக்குழந்தை என்று எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்து எதுவும் ஒத்துவராமல், கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறார்கள். காகிதம்தான் கூடாதே, கேன்டீன் டிஷ்யூ பேப்பரில்! அக்காவும் ஒரு சீட்டு எடுத்தார். அவருக்கு விழுந்தது காணும் பொங்கல் மட்டும். நாகர்கோவிலுக்குப் போய்த் திரும்ப அது பத்தாது. "பரவால்ல, மெரினாவுக்குப் போய்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, அந்த டிஷ்யூவைக் கசக்கிப் போட்டுவிட்டு, கை கழுவப் போனார்.